பச்சை உடம்புக்காரியின் நெஞ்சு

கற்பகத்துக்கு வாய் நீளம் என்று எஸ்டேட் முழுக்கச் சொல்வார்கள். நீளம்தான், யார் இல்லையென்றது? மழைக்காலத்தில் தொழிலாளர் லயத்து வீட்டுக் கூரை ஒழுகினால் மற்றவர்கள் பாத்திரம் வைப்பார்கள். கற்பகம் ஒழுகுகிற தண்ணீரை வாளியில் பிடித்துக்கொண்டு போய் ஆபீஸ் வராந்தாவில் ஊற்றிவிட்டு வருவாள். "உங்க தண்ணி உங்க வாசல்லயே கெடக்கட்டும்" என்பாள். மறுநாள் தகரம் வந்துவிடும். அந்தத் தகரத்தின் கீழே நனையாமல் படுத்துக்கொண்டுதான் ஊர் அவளை வாயாடி என்று ஏசும்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். மூடவில்லை, மூடி வைத்தார்கள்.

அவள் வீடு பள்ளிவாசல் என்கிற ஊருக்கு மேலே, தேயிலை ஃபாக்டரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற லயத்தில். ஃபாக்டரிக் கூரையில் சங்கு. விடிவதற்கு முன்னால் அது ஊதினால் எதிர்மலையில் தூங்குகிறவன்கூட எழுந்து உட்கார்வான். தேவிகுளம் பக்கத்திலிருந்து பாண்டியைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தபோது கற்பகத்துக்கு இருபது வயது. வந்த வருஷமே பாண்டியின் தங்கை பேச்சியம்மாள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். ஆண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தது. ஒன்றரை மாதம் போயிருக்கும். ஒரு விடியற்காலை சங்கு ஊதியதும் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்த பேச்சியம்மாள், "மதினி" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அப்படியே சரிந்தாள். கற்பகம் தண்ணீர்ச் செம்போடு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பச்சை உடம்புக்காரியைக் காற்றுக் கருப்பு அடித்துவிட்டது என்றார்கள். அந்தக் கருப்பு எங்கிருந்து வந்ததாம்? புது மருமகளோடு வந்ததாம்! பாண்டியின் அம்மா பிணத்தின் மேல் விழுந்து, "இவ காலடி வச்சா, எம்மக கண்ண மூடுனா" என்று ஒப்பாரியிலேயே வைத்துப் பாடிவிட்டாள். ஒப்பாரியில் வந்துவிட்ட வார்த்தைக்கு யார் மறுபேச்சுப் பேசுவார்கள்? அன்றோடு கற்பகத்தின் நெற்றியில் ராசியில்லாதவள் என்று எழுதி ஒட்டியாயிற்று.

அதற்குப் பிறகு லயத்தில் எந்த வளைகாப்புக்கும் அவளை முன்னால் அழைக்கமாட்டார்கள். அழைத்தாலும் பந்தியோடு சரி, வளையல் அடுக்க விடமாட்டார்கள். போன வருஷம் அவளுடைய சொந்த மகள் பூமாரிக்கு வளைகாப்பு நடந்தது. பெற்றவள் இவள், சீர் வைத்தவள் இவள். மாப்பிள்ளை சதீஷின் அம்மா முருகேஸ்வரி பக்கத்தில் வந்து குனிந்து, "சம்பந்தி, மனசுல வச்சுக்காதீங்க. எல்லாரும் போட்டு முடிச்சதும் கடைசியா நீங்க போடுங்க" என்றாள். பெற்ற தாய் கடைசியில்! ஆபீஸ் வராந்தாவில் தண்ணீர் ஊற்றியவள் அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் தள்ளி நின்றாள். மகள் நல்லபடியாகப் பெற்றெடுக்க வேண்டுமே என்ற பயம் வாயைக் கட்டிவிட்டது.

பாண்டியைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஃபாக்டரியில் கொழுந்து அரைக்கிற மெஷினில் வேலை. குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பான். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "அவ என்னம்மா பண்ணுவா பாவம்" என்று அவன் வாயிலிருந்து வந்ததில்லை. அவனுக்கு வருகிற பேச்செல்லாம் ஒன்றே ஒன்றுதான். "எங்க வம்சத்துல ஒரு ஆம்பள நெஞ்சப் புடிச்சிட்டு உக்காந்தான்னு கேட்டிருக்கியா? எங்கப்பன் எம்பது வயசுல விறகு பொளந்தாரு." இதைச் சொல்லும்போது தன் மார்பில் இரண்டு தட்டு தட்டிக்கொள்வான்.

பூமாரி தாய்வீட்டில்தான் பெற்றாள். பெண் குழந்தை. வயிற்றில் பிள்ளை இருந்த மாதமெல்லாம் மான்குட்டி மாதிரி நடமாடினாள், ஒரு தலைசுற்றல் கிடையாது. பெற்று ஒரு மாதம் ஆனதும் ஆரம்பித்தது. "அம்மா, நெஞ்சு படபடன்னு அடிக்கும்மா, அப்புறம் நின்னுட்ட மாதிரி இருக்கும்மா." பிள்ளை ராத்திரியெல்லாம் அழுகிறது, தூக்கமில்லை, அதனால் இருக்கும் என்று கற்பகம் நினைத்தாள். ஒரு விடியற்காலை சங்கு ஊதியபோது பூமாரி விருட்டென்று எழுந்தாள். கண் மேலே செருகியது, விழுந்தாள். அரை நிமிஷத்தில் விழித்துக்கொண்டாள்.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் ஜின்சன் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, "ரக்தக் குறவு" என்று ரத்தம் ஊறச் சிவப்பு மாத்திரை கொடுத்தான். மறுபடி விழுந்தாள். டவுனுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஒரு டாக்டர், பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, பூமாரியின் முகத்தையே பார்க்காமல் பாண்டியைப் பார்த்துப் பேசினார். பெற்ற பெண்களுக்கு மனசு இளகிப்போகும், பயம் வரும், அழுகை வரும், எல்லாம் சாதாரணம் என்றார். 

"சாரே, நெஞ்சுக்கு அந்த இசிஜி எடுத்துப் பாக்கலாமா?" என்று கற்பகம் கேட்டாள்.

டாக்டர் சிரித்தார். "இருபத்தஞ்சு வயசுப் பெண்ணினு எந்து ஹார்ட்டு? ஆணுங்களுக்கு வர்ற சூக்கேடு அது." பால் போதவில்லை என்று பூமாரி சொன்னதற்குப் பால் ஊற ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

இதையும் கேளுங்கள். அதே மாதம் ஃபாக்டரி எலக்ட்ரீஷியன் ஜோஸ், ஞாயிற்றுக்கிழமை கப்பைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் வயிறுமுட்டத் தின்றுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கம்பெனி ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு பறந்தது. அதே டவுன், அதே டாக்டர். இசிஜி எடுத்தார், ரத்தம் எடுத்தார், ஒரு நாள் படுக்க வைத்துப் பார்த்தார். கடைசியில் வாய்வு! ஜோஸ் நன்றாக இருக்கட்டும், அவன் மேல் கற்பகத்துக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆம்பளையின் ஏப்பத்துக்குக் கிடைத்த மரியாதை பொம்பளையின் நெஞ்சுக்குக் கிடைக்கவில்லையே என்றுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாத்திரை தின்ன ஆரம்பித்த பிறகு பூமாரிக்குப் பால் ஊறியது. மயக்கமும் கூடியது. குக்கர் விசில் அடித்தால் திடுக்கிட்டாள், செல்போன் மணி அடித்தால் வெளிறினாள். லயத்தில் முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. அதே வீடு, அதே பச்சை உடம்பு, அதே சங்கு நேரம். பேச்சிதான் வந்திருக்கிறாள், செத்த வயிற்றெரிச்சலில் வந்திருக்கிறாள் என்று. முருகேஸ்வரி வந்து பாண்டியோடு வாசலில் நின்று குசுகுசுவென்று பேசிவிட்டுப் போனாள். கற்பகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் கொழுந்துச் சாக்கை இறக்கிவிட்டு மலைச்சரிவில் வந்துகொண்டிருந்த கற்பகத்துக்கு உடுக்குச் சத்தம் கேட்டது. எந்த வீட்டில் என்ன விசேஷம் என்று யோசித்தாள். எதிரே வந்த பெண் ஒருத்தி அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கினாள். அப்போதுதான் உறைத்தது. தலைமுக்காட்டை உருவி எறிந்துவிட்டு ஓடினாள்.

வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு கூட்டம். உள்ளே சாம்பிராணிப் புகை. போடிமெட்டுக்குக் கீழேயிருந்து வரவழைத்த கோடாங்கி நடுவீட்டில் உட்கார்ந்திருந்தான். எதிரே மணையில் பூமாரி, நெற்றி நிறையத் திருநீறு, ரவிக்கை பால் கசிந்து நனைந்திருந்தது. குழந்தை முருகேஸ்வரியின் தோளில் கதறிக்கொண்டிருந்தது. கோடாங்கி குனிந்து மெதுவாகப் பேசினான். "யாரு தாயி நீ? ஒம் பேரச் சொல்லு. பேச்சியா? சொல்ல மாட்டியா?" அவன் சட்டென்று உடுக்கை அவள் காதோரம் கொண்டுபோய் ஓங்கி அடித்தான்.

பூமாரி தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தாள். கழுத்து பின்னால் வளைந்தது. கை கால் வெட்டி இழுத்தது.

"வந்துட்டா, வந்துட்டா! பேச்சி வந்துட்டா!" என்று கூட்டம் கூவியது. இரண்டு பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கோடாங்கி இன்னும் வேகமாக அடித்தான். பாண்டி கைகூப்பி நின்றான். தன் மகள் செத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரியாமல் கைகூப்பி நின்றான்!

கற்பகம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே விழுந்தாள். உடுக்கைப் பிடுங்கிச் சுவரில் அடித்தாள். "எடுபட்ட பயலே, பச்சப் புள்ளக்காரி காதுலயாடா அடிக்கிற? ஒன் ஆத்தா காதுல போயி அடிடா!" மகளைத் தரையில் சாய்த்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு இருக்கிறதா என்று தெரியவில்லை. "பூமாரி! ஏத்தா! ஏ ராசாத்தி!" கன்னத்தில் அடித்தாள், மார்பைப் பிடித்து உலுக்கினாள். எவ்வளவு நேரமோ. ஒரு பெரிய மூச்சு வந்தது. பூமாரி கண் திறந்து, "என்னம்மா ஆச்சு?" என்றாள்.

"இந்நேரம் நிறுத்தப்படாது. பாதியில விட்டா ஆளையே கொண்டுபோயிரும்" என்றான் கோடாங்கி.

"நீ எந்திரிக்கலைன்னா ஒன்னைய நான் கொண்டுபோயிருவேன்" என்றாள் கற்பகம். வாசலைப் பார்த்துக் கத்தினாள். "மாப்ளே! வண்டிய எடுங்க!"

சதீஷ் மூணாறில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவன். நடக்கிறது பிடிக்காமல், அம்மாவை எதிர்க்கவும் தைரியமில்லாமல் வெளியே பானெட்டில் சாய்ந்துகொண்டு நின்றான். மாமியாரின் சத்தத்தைக் கேட்டதும் யாரையும் கேட்காமல் ஸ்டார்ட் பண்ணிவிட்டான். முருகேஸ்வரி தடுத்தாள், பாண்டி, "ஏ, சாமி காரியம், ஆயிரம் பேரு பாக்க" என்றான். கற்பகம் மகளைத் தூக்கி வண்டியில் கிடத்தி, குழந்தையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு, "வாறதுன்னா ஏறுங்க, இல்ல கோடாங்கிக்குச் சோறு போடுங்க" என்றாள். பாண்டி ஏறினான்.

வழியில் ஒரு ஆஸ்பத்திரியில் நிறுத்தினார்கள். நர்ஸ் வயர்களை ஒட்டிப் பார்த்தாள், முகம் மாறியது. ஆம்புலன்ஸ் வைத்துக் கோட்டயத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மானிட்டர் திரையில் பூமாரியின் நெஞ்சு இரண்டு தடவை தாறுமாறாகக் கிறுக்கியதை டாக்டர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். பேய்க்கு அந்தத் திரையில் தெரிகிற வழக்கம் உண்டா என்று யாராவது கோடாங்கியைக் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் காலையில் நெஞ்சு டாக்டர் டின்சி வந்து கட்டிலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சின்ன வயசு. மலையாளமும் தமிழும் கலந்து பேசினாள். முதல் வார்த்தையைக் கற்பகத்தைப் பார்த்துத்தான் பேசினாள்.

"சேச்சி, இது மனசு நோயில்ல, பேயுமில்ல. நெஞ்சோட கரண்டுல உள்ள கோளாறு. ஒவ்வொரு துடிப்பு முடிஞ்சதும் நெஞ்சு அடுத்த துடிப்புக்குத் தயாராகணும். இவளுக்கு அது ஜென்மத்துலயே கொஞ்சம் மெதுவா நடக்குது. அந்த இடைவெளியில திடீர்னு ஒரு சத்தம், ஒரு பயம் வந்தா, நெஞ்சு தாளம் தப்பி வெறுமனே துடிதுடிச்சு நிக்கும். தானா சரியானா மயக்கம். சரியாகலைன்னா மரணம்."

"பொறவி நோய்ன்னா இத்தன நாளு எங்கம்மா இருந்துச்சு?" என்று கேட்டாள் கற்பகம்.

"அதுக்குக் காரணம் ஹார்மோன். பெண்ணுங்க உடம்புல ஊறுற ஒரு ஹார்மோன் அந்த இடைவெளிய இன்னும் நீட்டும். அதனால ஆணுங்களவிடப் பெண்ணுங்களுக்கு இதுல ஆபத்து கூடுதல். கர்ப்பமா இருக்கிறப்ப வேறொரு ஹார்மோன் ரொம்ப ஊறும். அது கொஞ்சம் காவல் மாதிரி. அதான் வயித்துல பிள்ளை இருந்தப்ப இவ சுகமா இருந்தா. பெத்ததும் அந்தக் காவல் ஒரேயடியா எறங்கிப்போச்சு. கூட உறக்கமும் இல்ல. பெத்து ஒன்பது மாசம் வரைக்கும் இந்தச் சூக்கேடு உள்ளவங்களுக்கு ரொம்ப மோசமான காலம்." டின்சி பழைய மருந்துச் சீட்டைப் புரட்டினாள். பால் ஊறுகிற மாத்திரையின் பெயரில் விரலை வைத்தாள். அவள் முகம் கடுகடுத்தது. "இதுவும் அந்த இடைவெளிய நீட்டுற மருந்து. ஒரு இசிஜி எடுத்திருந்தா இத யாரும் கொடுத்திருக்க மாட்டாங்க."

ஒரு இசிஜி. ஜோஸின் வாய்வுக்கு எடுத்த அதே இசிஜி. "கேட்டேம்மா. நான் வாய்விட்டுக் கேட்டேன். சிரிச்சான்" என்றாள்.

மாத்திரை இருக்கிறது, பால் கொடுத்துக்கொண்டே தின்னலாம், தினமும் தவறாமல் தின்னவேண்டும், பக்கத்தில் அலாரமோ சங்கோ ஊதக் கூடாது என்று டின்சி சொன்னாள். கூடவே, மாத்திரை போதாதென்றால் நெஞ்சில் ஒரு சின்னக் கருவி வைக்க வேண்டிவரும் என்றும் சொன்னாள். பிறகு கேட்டாள். "குடும்பத்துல யாராவது இப்படித் திடீர்னு போயிருக்காங்களா?"

முருகேஸ்வரி அன்றைக்குத்தான் பஸ் பிடித்து வந்து சேர்ந்திருந்தாள். கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு, "பொம்பளைங்களுக்கு வர்றதுன்னா அம்மா வழிதானே டாக்டரம்மா? கட்டி வைக்கிறப்ப ஒரு வார்த்த சொல்லலியே" என்றாள். சொல்லிவிட்டுக் கற்பகத்தை ஒரு பார்வை பார்த்தாள். 

கற்பகம் பேச்சியம்மாளைப் பற்றிச் சொன்னாள். சங்கு, ஒன்றரை மாதக் குழந்தை, ஒற்றை வார்த்தை எல்லாவற்றையும் சொன்னாள். டின்சி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "அந்தப் பெண்ணு உங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்கு நாத்தனா. இவருக்குக் கூடப் பொறந்த தங்கச்சி."

எல்லாருடைய தலையும் பாண்டியின் பக்கம் திரும்பியது. அவன் சுவரில் ஒட்டியிருந்த கர்ப்பிணிப் பெண்ணின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு பேருக்கும் இசிஜி எடுக்க வேண்டும் என்றாள் டின்சி. கற்பகம் உடனே போய்ப் படுத்தாள். அவள் நெஞ்சில் ஒரு குறையும் இல்லை. பாண்டி நகரவில்லை. "எனக்கெதுக்கு? எங்க வம்சத்துல ஒரு ஆம்பளைக்கு…" என்று வழக்கமானதை ஆரம்பித்தான். 

"சட்டையக் கழட்டுய்யா" என்றாள் கற்பகம். கல்யாணம் ஆனதிலிருந்து அவனை அவள் அப்படிப் பேசியதில்லை. கழற்றினான்.

அவன் நெஞ்சில்தான் இருந்தது. மகளுக்கு இருந்த அதே மெதுவான இடைவெளி, அவ்வளவு நீளமில்லை, ஆனாலும் இருந்தது. "ஆணுங்களோட ஹார்மோன் இந்த இடைவெளியச் சுருக்கும். அதனால இவருக்கு மறைஞ்சே கெடந்துச்சு. வயசாக வயசாக அந்தக் காவலும் குறையும், இவரும் இனி கவனிக்கணும்" என்று விளக்கினாள் டின்சி. அப்பனிடமிருந்து மகனுக்கும் போகலாம், மகளுக்கும் போகலாம், போன இடத்தில் பெண்ணைத்தான் அதிகம் அடிக்கும்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது இதுதான். ரத்தம் அவர்கள் வீட்டு ரத்தம். அதைச் சுமந்துகொண்டு ஆண்கள் எண்பது வயதில் விறகு பிளப்பார்களாம். அவர்கள் வீட்டுப் பெண்கள் பிள்ளையைப் பெற்றுவிட்டுப் பட்டென்று விழுந்து சாவார்களாம். பழி மட்டும் வெளியிலிருந்து வந்தவள் தலையில்!

ஆஸ்பத்திரி நடையில் வைத்துக் கற்பகம் பிடித்துக்கொண்டாள். "வளகாப்புல பெத்தவளக் கடைசில நிறுத்துனாங்க, பாத்துட்டு நின்ன. ஒங்கம்மா சாகுறமட்டும் என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கல, பாத்துட்டு நின்ன. கோடாங்கி எம்மக காதுல உடுக்கடிச்சான், கும்புட்டுட்டு நின்ன. நெஞ்சத் தட்டித் தட்டிப் பேசுவியே, இப்பத் தட்டுய்யா! தட்டு, பாப்போம்!" போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். பாண்டி வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

பத்து நாளில் பூமாரியை வீட்டுக்கு அனுப்பினார்கள். லயத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று கற்பகம் சொல்லிவிட்டாள். சதீஷ் முதல் தடவையாகத் தன் அம்மாவை எதிர்த்துப் பேசி, சங்கு கேட்காத தூரத்தில் ஒரு வாடகை வீடு பிடித்தான். குழந்தைக்கு இப்போது ஒன்றும் தீர்த்துச் சொல்ல முடியாது, ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும், எப்படியானாலும் வயசுக்கு வருகிறபோதும் அதற்குப் பிறகும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டின்சி சொல்லியிருந்தாள். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னாள். பாண்டியின் கூடப் பிறந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் எல்லாரும் உடனே இசிஜி எடுக்க வேண்டும். பெண் பிள்ளைகள் முதலில்.

பேச்சியின் மகனை அவன் அப்பன் வீட்டார் அப்போதே கொண்டுபோய்விட்டார்கள், தொடர்பு விட்டுப்போயிற்று. பாண்டிக்கு ஒரே தம்பி, சின்னமுத்து, மாட்டுப்பட்டியில் மாட்டுப் பண்ணையில் வேலை. அவனுக்கு ஒரே மகள், இசக்கி. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். எட்டு மாதம்.

"சொல்லணும்" என்றாள் கற்பகம்.

"சொல்லலாம், சொல்லலாம்" என்றான் பாண்டி. ஒரு வாரம் சொல்லலாமாகவே போனது. கற்பகம் மறுபடி கேட்டபோது எரிந்து விழுந்தான். "என்னன்னு சொல்லச் சொல்ற? எங்க ரத்தமே கெட்ட ரத்தம்னா? அந்தப் புள்ள மாமியா வீட்டுல கேட்டா வச்சு வாழுவாங்களா? நாளப்பின்ன நம்ம பேத்திய யாரு கட்டுவா? பூமாரிக்குப் பிரசவத்துல ரத்தம் கொறஞ்சுபோச்சுன்னு சொல்லிருக்கேன். அப்பிடியே இருக்கட்டும்."

பொய் சொல்லியும் ஆயிற்றாம்! கற்பகம் அடுப்பை அணைத்தாள். சேலையை மாற்றிக்கொண்டு மாட்டுப்பட்டி போகிற ஜீப்பில் ஏறினாள். வண்டி கிளம்புகிற நேரத்தில் பாண்டி ஓடிவந்து பின்னால் தொற்றிக்கொண்டான். அவளைத் தடுக்க வந்தானா, கூட வந்தானா, அவனுக்கே தெரிந்திருக்காது.

சின்னமுத்து பால் டிப்போவிலிருந்து அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். அவன் மனைவிக்குக் கற்பகத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. நிறைமாதத்தை நெருங்கும் மகள் இருக்கிற வீட்டுக்குள் ராசியில்லாதவள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தால்? நிலைப்படியில் குறுக்கே நின்றுகொண்டு, "வாங்கக்கா. இங்ஙனயே உக்காருங்க, வெளிய காத்து நல்லாருக்கு" என்றாள்.

கற்பகம் உட்காரவில்லை. முற்றத்தில் நின்றபடியே சொன்னாள். பேச்சி எதனால் செத்தாள், பூமாரி எதனால் விழுந்தாள், டாக்டர் என்ன சொன்னார், இசக்கியை ஏன் இன்றைக்கே கோட்டயத்துக்குக் கூட்டிப் போக வேண்டும், எல்லாவற்றையும் சொன்னாள். குரலை அடக்கிச் சொல்ல அவளுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"வாய்ப் பேச்சுக்கும் ஒரு அளவு வேணும்" என்று சின்னமுத்துவின் மனைவி பாய்ந்தாள். "வயித்துப்புள்ளக்காரி இருக்கிற வீட்டுல வந்து சாவு சாவுங்கிறீகளே, நல்லாருப்பீகளா? ஒங்க ராசிய எங்க வீட்டுலயும் கொண்டாந்து எறக்கணுமா?"

சின்னமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அண்ணனிடம் போனான். பாண்டி வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, பொம்பளைங்க பேச்ச விடு. நீ சொல்லு. மதினி சொல்றது நெசமா?"

பாண்டி தன் கால் விரலைப் பார்த்தான். பண்ணையைப் பார்த்தான். கற்பகம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"நெசந்தாண்டா" என்றான் பாண்டி. குரல் உடைந்திருந்தது. "எனக்கும் இருக்கு. நம்ம ரத்தத்துல இருக்கு. ஒனக்கும் இருக்கலாம். பேச்சிய கொன்னது இதுதான். ஒம்மதினி ஒண்ணும் பண்ணலடா. அவ ஒண்ணுமே பண்ணல."

இந்த ஒரு வார்த்தைக்காக இத்தனை வருஷம் காத்திருந்தவளுக்குக் குளிர்ந்திருக்க வேண்டுமே? குளிரவில்லை. இதைச் சொல்ல இவ்வளவுதானா நேரம் ஆகும் என்று இருந்தது.

சின்னமுத்து வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டான். அவன் மனைவி மட்டும், "எம்மகளுக்கு ஒண்ணுமில்ல. அவ கல்லு மாதிரி இருக்கா. ஒரு நாளு தலவலின்னு படுத்ததில்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அம்மா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இசக்கி நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. அம்மாவைத் தாண்டிக் கற்பகத்தைப் பார்த்தாள்.

"பெரியம்மா, நான் கல்யாணத்துக்கு முன்னாடியே மூணு நாலு தடவ விழுந்திருக்கேன். யார்ட்டயும் சொல்லல. சொன்னா கோடாங்கியக் கூப்புடுவாங்கன்னு சொல்லல."

அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கற்பகம் நிலைப்படியைத் தாண்டி உள்ளே போய் இசக்கியின் கையைப் பிடித்தாள். யாரும் தடுக்கவில்லை.